ஷாட் முடிந்த பிறகு

தணிகைவேல் பல வருடங்களாகக் கல்யாண வீடியோ எடுத்தவர். நாற்பத்தைந்து வயதுக்குமேல் குறும்பட ஆசை வந்தது. ராணிப்பேட்டையில் படத்தொகுப்பாளராக இருந்த ஷமீமாவிடம் கற்றுக்கொள்ளப் போனார். ஷமீமா அவரைவிடப் பத்து வயது இளையவர். இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை அண்ணா என்பார்.

முதல் படத்தை முடித்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கடைசி ஷாட்டை எங்க வெட்டுறதுன்னு தெரியல மேடம். கொஞ்சம் முன்னாடியா, பின்னாடியா? போட்டிக்கு அனுப்ப நாளைக்குக் கடைசி நாள்."

"போடுங்க, பார்ப்போம்."

சின்னக் கதைதான். ஒரு தாய் சமைத்துக்கொண்டிருக்கிறாள். லாரி ஓட்டும் மகன் அன்று ஊருக்கு வருகிறான். வாசலில் ஒரு ஆள் வந்து நிற்கிறான். அவன் சொல்வது நமக்குக் கேட்பதில்லை. கேட்கிற அவள் முகம் மட்டும் தெரிகிறது. அதோடு திரை இருண்டுவிடுகிறது.

அந்த முகத்தைப் பார்த்ததும் ஷமீமாவின் கை தானாக வாய்க்குப் போனது. தணிகைவேல் அதைக் கவனித்தார். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

"யாரு இவங்க?"

"கன்னியம்மா அக்கா. எங்க தெருவுல வீடுகளுக்குச் சமையல் செய்யறவங்க. இதுக்கு முன்னாடி நடிச்சதே இல்ல."

"அப்புறம் இந்த முகம் எப்படி வந்துச்சு?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

"ஒத்திகையில வரவே இல்ல மேடம். சிரிச்சிக்கிட்டே இருந்தாங்க. அவங்க பையன் லோகு நிஜமாவே லாரி ஓட்டுறவன். அதான், டேக் போகும்போது, வாசல்ல வர்ற ஆளா நடிச்ச என் தம்பிகிட்ட வசனத்தை மாத்திச் சொல்லச் சொன்னேன். நாக்பூர்கிட்ட லோகு வண்டி கவிழ்ந்துடுச்சுக்கா, இப்பதான் போன் வந்துச்சுன்னு சொன்னான். அக்கா நம்பிட்டாங்க."

ஷமீமா அவரையே பார்த்தார்.

"வெட்டாம இருக்கிற ஷாட்டைப் போடுங்க."

"முகத்துக்கு அப்புறம் ஒண்ணும் இல்ல மேடம். கேமராவை நிறுத்த மறந்துட்டோம். நானே பார்க்கல."

"போடுங்க."

முகம் வந்தது. தணிகைவேல் வெட்டியிருந்த இடத்தைத் தாண்டி ஷாட் ஓடியது.

கன்னியம்மா அழவில்லை. கத்தவும் இல்லை. திரும்பி அடுப்பை அணைத்தார். குழம்புச் சட்டியை மூடினார். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டபடி செருப்பில்லாமல் வெளியே நடந்தார். காட்சியில் காலி அடுப்படி மட்டும் நின்றது.

வெளியே கைதட்டல் கேட்டது. சிரிப்புச் சத்தம் கேட்டது. அதற்கு மேலே தணிகைவேலின் குரல்.

"அக்கா, அக்கா, சும்மா சொன்னது. ஷாட் ஓகே."

கன்னியம்மா திரும்ப உள்ளே வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"லோகு நல்லா இருக்கானா?"

"இருக்கான்க்கா."

"நல்லா இருக்கானா?"

"அட, இருக்கான்க்கா."

யாரோ விளக்கைக் கழற்றினார்கள். அடுப்படி பாதி இருண்டது. கன்னியம்மா போனை எடுத்தார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தார். அவரைச் சுற்றி ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அவர் காலடியில் கிடந்த ஒயரை இழுக்க, அவர் தள்ளி நின்று கொடுத்தார். மறுபடி அடித்தார்.

எடுத்துவிட்டான்.

"சாப்பிட்டியாடா?" என்றார் கன்னியம்மா. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஒண்ணும் இல்ல. சும்மாதான் பண்ணேன். நீ பார்த்து ஓட்டு."

போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். கேமராவுக்குப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துக் கேட்டார்.

"சார், நான் சரியா செஞ்சேனா?"

"சூப்பர்க்கா" என்றது தணிகைவேலின் குரல். ஷாட் அங்கே முடிந்தது.

தணிகைவேலின் விரல் பட்டனின் மேலேயே இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

"நான் அங்கதான் மேடம் இருந்தேன்" என்றார். "இது எதையும் நான் பார்க்கல."

ஷமீமா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"ரெண்டையும் அவங்களுக்குப் போட்டுக் காட்டுங்க. படத்தையும், இதையும். அப்புறம் வாங்க."

"அப்ப எங்க வெட்டுறது?"

"போய்ட்டு வாங்க அண்ணா."

இரண்டு நாள் கழித்து தணிகைவேல் வந்தார். லேப்டாப் இல்லை.

"அனுப்பிட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"பார்த்தாங்களா?"

"முழுசா பார்த்தாங்க. அடுப்பை அணைச்சிட்டுப் போயிருக்கேன் பாருங்கன்னு சிரிச்சாங்க. கோபமே இல்ல. படம் நல்லாத்தான் சார் இருக்கு, லோகு மட்டும் பார்க்க வேணாம்னாங்க. ஏன்க்கான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?" என்றார் ஷமீமா.

"அம்மா இப்படி ஆயிடுவான்னு தெரிஞ்சா அவனுக்கு வண்டி ஓட்டக் கை வராது சார்னாங்க."

கீழே தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அதைச் சொல்லும்போது மறுபடியும் அதே முகம் மேடம். அன்னைக்கு வந்த அதே முகம். கேமரா கையில இல்லாம போச்சேன்னு எனக்குத் தோணிச்சு."

சொன்னதைத் தானே கேட்டவர்போல அவர் திடுக்கிட்டார்.

"அப்புறம்?" என்றார் ஷமீமா.

"அப்புறம் என்ன. அவங்களைப் பார்க்க முடியல. தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்."

"நீங்க தலையைக் குனிஞ்சீங்களே, அங்கதான் அண்ணா வெட்டணும்."