நூற்றைம்பதுக்கு இருநூறு

வால்பாறையில் மழை விட்ட ஒரு பிற்பகல். நிஷாவின் ஸ்டுடியோ ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்து, கம்ப்யூட்டர் திரையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

நிஷாவிடம் படம் திருத்தக் கற்றுக்கொண்டிருந்தவர் பூவலிங்கம். தேயிலை ஃபேக்டரியில் ஓய்வு பெற்றவர். அவளைவிட இரு மடங்கு வயது. ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கற்க வந்ததே ஒரு படத்துக்காக.

இறந்துபோன அவர் மனைவி செங்கமலம், கேமராவைக் கண்டாலே ஒளிந்துகொள்கிறவள். யாரோ வீட்டுக் கல்யாணப் படத்தில், கூட்டத்தின் ஓரத்தில் தெரியாமல் அகப்பட்டிருந்தாள். அந்த முகத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்.

"சுவர் அளவுக்கு வேணும், டீச்சர். கனவுல வர்றா. முகம் மட்டும் பனி மூடினாப்ல இருக்கு. மறந்துருவேனோன்னு பயமா இருக்கு."

"முதல்ல படத்தோட அளவைப் பாருங்கண்ணே."

மெனுவில் பட அளவைத் திறந்தார். அகலம் நூற்றைம்பது பிக்சல். உயரம் இருநூறு.

"இவ்வளவுதானா?"

"அவ்வளவு புள்ளிதான் இருக்கு."

அவர் எண்களை அழித்துவிட்டு மூவாயிரம், நாலாயிரம் என்று அடித்தார். திரை நிறையச் செங்கமலம் வந்தாள். கண்ணும் மூக்கும் கரைந்துபோய், வெளியே நின்ற பனிக்கும் அவளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"எண்ணு கூடிருச்சே. முகம் எங்க?"

"புதுப் புள்ளியெல்லாம் பக்கத்துப் புள்ளியப் பார்த்துப் போட்டதுண்ணே. அண்ணியப் பார்த்துப் போட்டதில்ல."

அவர் விடவில்லை. முகத்தைத் தெளிவாக்கும் பொத்தான் ஒன்று இருந்தது. அழுத்தினார். பனி விலகியது. இமை முடிவரை தெளிவாக ஒரு பெண் சிரித்தாள். அழகாக இருந்தாள்.

பூவலிங்கம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு, டீச்சர்?"

நிஷா மவுஸை வாங்கிக்கொண்டாள். அவர் செய்ததை ஒவ்வொன்றாக நீக்கினாள். மறுபடியும் நூற்றைம்பது, இருநூறு. அப்படியே அச்சுக்குக் கொடுத்தாள். கட்டைவிரல் நகத்தளவு படம் வந்தது. பெரிய வெள்ளை அட்டையின் நடுவில் அதை ஒட்டிச் சுவரில் மாட்டினாள்.

நாற்காலியிலிருந்து பார்த்தால் ஒரு பொட்டுதான் தெரிந்தது. எழுந்து போனார். இன்னும் போனார். மூக்கு அட்டையில் முட்டும் தூரத்தில் நின்று, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"முறைக்கிறா," என்றார். "என்னையத்தான். அன்னைக்குப் பந்தியில ரெண்டாந்தரம் பாயசம் வாங்கிட்டேன். எனக்குச் சக்கரை."

பனி அறை முழுக்க நிறைந்திருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் திரும்பினார்.

"வருசத் திதிக்கு ஊரே வரும். வீட்டுல அத்தனை பெரிய சுவர்ல இத்தனூண்டு மாட்டினா யாருக்குத் தெரியும், டீச்சர்?"

"கிட்ட வர்றவங்களுக்கு."