மடைக்காரன் தின்ன மூச்சு லேகியம்

ஒரு ஊர்ல ஒரு பெரிய கண்மாய் இருந்துச்சாம், கண்மாய்க்குக் கீழ ஊரு. மழை பேஞ்சு கண்மாய் ரொம்பிடுச்சுன்னா, மூணு ஆள் ஆழத்துக்கு முங்கி, அடியில இருக்கிற மடைக்கல்லைப் புடுங்கி விடணும். இல்லைன்னா கரை ஒடைஞ்சு ஊரே போயிரும். அந்த வேலை முத்திருளனுக்கு. அவன் பொண்டாட்டி சடைச்சி. அவளும் மடைக்காரன் மகதான், மீனு தோத்துப்போகும், அப்படி முங்குவா. ஆனா மடைவேலை ஆம்பளைக்குத்தான்னு ஊர் வழக்கம். என் மூத்த நாத்தனார் இப்படித்தான், கொலுசு விழுந்துச்சுன்னு கெணத்துல குதிச்சு, கொலுசோட ஒரு ஆமையையும் தூக்கிட்டு வந்தா. ஆமை கதை கெடக்கட்டும், எங்க விட்டேன்? ஆங், சடைச்சி.

அந்த ஊருக்கு ஒரு லேகியக்காரன் வந்தானாம். "அண்ணே, தண்ணி சில்லுன்னு இருக்குமே, இதுல குன்றிமணி அளவு வாயில போட்டுக்கோங்க. குளிரும் தெரியாது, மூச்சும் தாங்கும்"ன்னான். இவனும் போட்டான். மொத வருசம் குன்றிமணி, மறு வருசம் சுண்டைக்காய், அதுக்கு மறு வருசம் நெல்லிக்காய். முங்குறதுக்குன்னு தின்னவன் முங்காத நாளும் தின்னான். அவனைப் பாத்து ஏர் ஓட்டுறவன் தின்னான், ஆடு மேய்க்கிறவன் தின்னான். ஏரு பாதி வயல்ல நிக்குது, ஆடு அடுத்தவன் கொல்லையில நிக்குது, வீட்டுல பிள்ளைங்க வெறும் வயித்தோட நிக்குதுங்க.

சடைச்சி அழுதா. "இனிமே தொடமாட்டேன் புள்ள"ன்னு மூணு தடவ சத்தியம் பண்ணான், மூணு தடவையும் தொட்டான். பொய் சொல்லணும்னு இல்லடா, சொல்றப்ப நெசமாத்தான் சொன்னான்.

அப்புறம் ஐப்பசியில கொட்டுச்சு மழை! தண்ணி கரை விளிம்பைத் தொட்டுருச்சு. ராசாவே ஓடி வந்துட்டாரு. முத்திருளன் முங்குனான், வந்துட்டான். மறுபடி முங்குனான், வந்துட்டான். மூணாந்தடவ மூக்குல ரத்தத்தோட வந்தான். "கல்லு எங்க இருக்குன்னே தெரியல புள்ள, மூச்சே தாங்கல."

லேகியக்காரன் சொல்றான், "ராசாவே, இன்னொரு உருண்டை குடுத்தா எறங்கிருவான்."

சடைச்சிக்கு வந்துச்சே கோவம்! "ராசாவே, ஒரு உருண்டைக்கே மூச்சு தாங்கும்னா, சட்டி சட்டியா வச்சிருக்கிறவரு மீனாட்டம் கெடப்பாரே. அவரையே எறக்குங்க"ன்னா.

ராசா யோசிச்சாரு. அவருக்கு யோசிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். "அதானே! எறங்குய்யா"ன்னாரு.

லேகியக்காரன் பொத்துன்னு சேத்துல விழுந்தான். "சாமி, மூச்சு தாங்கும்னது பொய்யி! அது வெறும் அபினும் கருப்பட்டியும். நான் நாக்குலகூட வச்சதில்ல!"

சடைச்சி அதுக்குமேல நிக்கல. இடுப்புல கயித்தைக் கட்டுனா, மறுமுனையைப் புருசன்கிட்ட நீட்டுனா.

"வேற ஆளுகிட்டக் குடு, என் கை நடுங்குது."

"நடுங்கட்டும். விடாம இரு, போதும்"ன்னுட்டுக் குதிச்சா.

முத்திருளன் கயித்தைத் தன் ஒடம்புலயே சுத்திக்கிட்டு, காலைச் சேத்துல ஊனி நின்னான். நேரம் போகுது, போகுது, போயிட்டே இருக்குது... அந்தாண்ட மடைவாய்ல குபுகுபுன்னு தண்ணி பாஞ்சுச்சு பாரு! கயிறு வெடுக்குன்னு ஆடுச்சு. இவன் இழுத்தான், இழுத்தான், சடைச்சி தலை மேல வர்ற வரைக்கும் இழுத்தான். அப்பத்தான் ஊரு சனம் மூச்சு விட்டுச்சு.

ராசா லேகியத்தைக் குழி தோண்டிப் பொதைச்சாரு. "நீ மயக்குன அத்தனை பேரையும் நீயே தெளிய வைய்யி"ன்னு அவனை உக்கார வச்சாரு. லேகியம் இல்லாம அவனவன் வேர்க்குறான், ஒதறுறான், வாந்தி எடுக்குறான். லேகியக்காரன் ஒருத்தன் வாயைத் தொடைக்குறதுக்குள்ள அடுத்தவன் கூப்பிடுறான். பின்னாடி ஈட்டியோட காவக்காரன், ஓடவும் முடியல.

எட்டாம் நாளு முத்திருளன் எந்திரிச்சு உக்காந்து, "பசிக்குது புள்ள"ன்னான். மூணு வருசமா அந்த வார்த்தையை அவ கேக்கல. கஞ்சி ஊத்துனா. குடிச்சுட்டு, "இன்னும் இருக்கா?"ன்னான்.

எவன் எந்த உருண்டையை நீட்டுனாலும் வாயைத் தொறக்காதீங்கடா. அவன் வயிறு ரொம்புச்சு, அவ மனசு ரொம்புச்சு, எனக்கு வாய் வலிச்சுப்போச்சு, தூங்குங்க.