குப்பை என்று ஓந்தி தள்ளிய பச்சைச் சீட்டு

அந்தக் காலத்தில் ஊர்வது, ஓடுவது, பறப்பது எல்லாமே வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தன. பேச்சு இருந்ததால் சண்டையும் இருந்தது. சண்டை போட்டால் உடம்புதானே கிழிகிறது என்று பெரியதும் சிறியதும் ஒருநாள் கூடி உட்கார்ந்து, எந்தத் தகராறானாலும் இனிமேல் சீட்டாடித் தீர்த்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள்.

சீட்டு செய்வது தூக்கணாங்குருவி. கோடை பிறக்கும்போது ஒரு புதுக் கட்டு கொண்டுவருவாள். கொழுந்து பறித்தால் சிவப்புச் சீட்டு, பழுத்தது பொறுக்கினால் மஞ்சள், நல்ல இலையாகக் கிள்ளினால் பச்சை. ஒவ்வொரு சீட்டிலும் அலகால் குத்திப் புள்ளி வைப்பாள். எத்தனை புள்ளியோ அத்தனை பலம்.

ஆட்டம் லேசுதான். ஆளுக்கு ஏழு சீட்டு, ஏழு சுற்று. சுற்றுக்கு ஒரு சீட்டைப் பாறைமேல் இறக்க வேண்டும். புள்ளி கூடின சீட்டு குறைந்ததை வெட்டிவிடும். ஏழு சுற்றும் முடிந்தபின் யாருடைய சீட்டு அதிகமாக நிமிர்ந்து நிற்கிறதோ, அந்தக் கோடைக்குச் சுனை அவர்களுக்கு.

சுனை என்றால் மலையடிவாரத்தில் இருந்த ஒரே சுனை. மற்ற இடமெல்லாம் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும் காலத்திலும் அதில் முழங்கால் ஆழம் நிற்கும். இரண்டு கோடையாகப் பன்றிதான் ஜெயித்திருந்தான். விடிந்ததும் அவன் கூட்டம் இறங்கிக் கலக்கிவிட்டுப் போனால், பொழுது சாயும்வரை சேறு தெளியாது. அணிலும் முயலும் எப்படியோ சேற்றைத் தொட்டு நாக்கை நனைத்துக்கொண்டார்கள். தேரைக்குத்தான் வேறு வழியில்லை. கருகுமணி கோத்த மாதிரி சரம் சரமாய் அவள் இட்ட முட்டையெல்லாம் இரண்டு வருஷமும் பன்றிக் குளம்பில் நசுங்கிப் போயிற்று. இந்த வருஷம் மறுபடி முட்டை இட்டிருந்தாள். ஆகையால் சிறியவர்களுக்காகச் சீட்டு இறக்க அவளே முன்வந்தாள்.

புதுக் கட்டு வந்தால் அதைத் தரம் பார்த்துச் சொல்வது ஓந்தி. அப்போது அவன் வெறும் ஓந்திதான். காய்ந்த சுள்ளி நிறம். குடுகுடுவென்று நடப்பான். இரண்டு கண்ணும் சேர்ந்தே ஒரு பக்கம் பார்க்கும். சீட்டைப் பார்ப்பான், நாக்கைச் சொடுக்குவான், சொல்லிவிடுவான். அவனிடம் மூன்றே வார்த்தை: ராஜா, சேவகன், குப்பை. அதிலே அவனுக்கு ஏகப்பட்ட பெருமை.

தரம் பார்க்கும் நாளுக்கு முன்னால் தேரை அவன் இருந்த செடிக்குக் கீழே வந்து நின்றாள்.

"தம்பி, ஒரு உதவி செய்யணும்."

"சொல்லுக்கா."

"நாளைக்குத் தரம் பார்க்கும்போது சத்தமாச் சொல்லிடாதே. என் காதுல மட்டும் சொல்லு. ஜெயிச்சவன்தான் முதல்ல ஏழு சீட்டு எடுப்பான், அது வழக்கம். ஆனா பன்றிக்குச் சீட்டு பார்க்கத் தெரியாது. மூக்குக்குப் பட்டதை எடுப்பான். நல்லதுல நமக்கும் நாலு மிஞ்சும்."

"அதுக்கென்னக்கா, அப்படியே செய்யலாம்" என்றான் ஓந்தி. அப்போது அவன் மனசார்தான் சொன்னான்.

மறுநாள் காலையில் பாறையைச் சுற்றி அத்தனை கூட்டம். தூக்கணாங்குருவி பதினாலு சீட்டையும் வரிசையாகப் பரப்பினாள். ஏழு சிவப்பு, ஆறு பச்சை, ஒரே ஒரு மஞ்சள். பன்றி முன்வரிசையில் வந்து உட்கார்ந்து, "என்ன ஓந்தியாரே, இந்த வருஷம் கண்ணு தெரியுதா? போன வருஷமே கொஞ்சம் மங்கினாப்பல இருந்துச்சு" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஓந்திக்குச் சுருக்கென்றது. பாறை உச்சியில் ஏறி நின்றான். தேரைக்குக் கொடுத்த வாக்கு அந்த ஏற்றத்திலேயே எங்கோ விழுந்துவிட்டது.

குருவி முதல் சிவப்பைத் தூக்கிக் காட்டினாள். "இது தீ. ஒன்பது புள்ளி. இறக்கினால் மூன்று சுற்று நிற்கும், பிறகு கருகிவிடும்."

"ராஜா!" என்று கூவினான் ஓந்தி. அடுத்ததும் ராஜா. ஏழு சிவப்பும் தீதான், ஏழுக்கும் ஏழு ராஜா. மஞ்சளைப் பார்த்து, "சேவகன்!" என்றான்.

தேரை கீழே நின்று கையைக் கையை ஆட்டினாள். அவன் பார்க்கவில்லை.

பச்சை வந்தது. "இது அருகு, அருகம்புல்தான். ஒரு புள்ளி. பச்சை எதுவும் வெட்டுப்பட்டால் பாறையை விட்டுப் போகாது, கவிழ்ந்து கிடக்கும்."

"கவிழ்ந்த சீட்டு கணக்கில் உண்டா?"

"இல்லை."

"அப்புறம் படுத்துக் கிடந்தால் என்ன, போய்ச் சேர்ந்தால் என்ன? குப்பை!" கூட்டம் ஓவென்று சிரித்தது. சிரிப்பு கேட்டதும் ஓந்திக்கு இன்னும் ஏறிக்கொண்டது. கோரை குப்பை, பிரண்டை குப்பை, கீழாநெல்லி குப்பை, மூங்கிலும் குப்பை என்று நாக்கைச் சொடுக்கிச் சொடுக்கித் தள்ளினான்.

கடைசியாக ஒரு சேம்பிலை. "இது தூறல். இதில் புள்ளி கிடையாது. ஆனால் இதை இறக்கினால்..."

"புள்ளியே இல்லையா! குப்பையிலும் குப்பை. எடுத்து வை தாயே, வெயில் ஏறுது" என்றான் ஓந்தி. குருவி இலையைக் கீழே வைத்தாள்.

பன்றி எழுந்து வந்தான். மூக்கால் ஒன்றையும் முகர்ந்து பார்க்கவில்லை. ஏழு சிவப்பையும் ஒரே வாராக வாரிக்கொண்டு, "ரொம்ப உபகாரம் ஓந்தியாரே. உங்க கண்ணு நல்லாத்தான் தெரியுது. இவ்வளவு நாள் எனக்குத்தான் தெரியாமப் போச்சு" என்று சொல்லிப் போய்விட்டான்.

அப்போதுதான் ஓந்திக்குத் தான் செய்த காரியம் விளங்கியது. உடம்பெல்லாம் கறுத்துப் போயிற்று. தேரை அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. மிஞ்சிக் கிடந்த ஏழு இலையையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மண் தட்டி, மடியில் அடுக்கிக்கொண்டாள். "இதுவும் குருவி கஷ்டப்பட்டுச் செஞ்சதுதானே. இதாவது மிஞ்சிச்சே" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூட ஓந்தி தாங்கியிருப்பான்.

"அக்கா, ஆட்டம் நாளைக்குத்தானே. அந்தச் சீட்டை ஒரு பகல் என்கிட்டே கொடு" என்றான்.

"குப்பையை வாங்கி என்னப்பா பண்ணப்போறே?"

"மறுபடி பார்க்கணும்க்கா."

அவள் கொடுத்தாள். பார்க்கத் தெரியாதவனிடம் மறுபடியும் கொடுத்தாளே, அந்த மனசை நினைத்து நினைத்து ஓந்தி பின்னாளில் உருகுவான்.

ஏழு இலையையும் எடுத்துக்கொண்டு அவன் குருவியின் பனைமரத்தடிக்குப் போனான். குருவி தலைகீழாகத் தொங்கியபடி கூடு பின்னிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சேம்பிலை பத்தி ஏதோ சொல்ல வந்தியே. நான் கேட்காமப் போயிட்டேன்" என்றான் ஓந்தி.

"யார் கேட்டாலும் சொல்லுவேன். பன்றி வந்து கேட்டாலும் சொல்லுவேன். யாரும் கேட்கலை" என்றாள் குருவி. "தூறலை இறக்கினா, அதை இறக்கினவங்க பக்கம் கவிழ்ந்து கிடக்கிறதெல்லாம் எழுந்து நிக்கும்."

ஓந்தி வாயைப் பிளந்தான்.

"நீ ஒவ்வொரு சீட்டா எடுத்துப் பார்த்தே. ஒரு நாரைத் தனியா எடுத்துக் காட்டினா இது கூடுன்னு சொல்லுவியா நீ?" என்று கேட்டுவிட்டு அவள் அடுத்த நாரைக் கோக்கப் போய்விட்டாள்.

அன்று பகல் முழுக்க ஓந்தி இலைகளைச் சுற்றிச் சுற்றி வந்தான். அருகைப் பார்த்தால் தூறல் தெரியவில்லை. தூறலைப் பார்த்தால் மூங்கில் மறைந்துபோயிற்று. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்தாக வேண்டுமே என்று கண்ணை இழுத்து இழுத்துப் பிடித்தான். வலியில் தண்ணீராகக் கொட்டியது. உச்சி வெயிலில் ஒரு கண் இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமுமாகப் பிரிந்து நின்றது. அப்போது தெரிந்தது, அந்தக் கட்டில் பச்சை என்ன செய்ய வந்திருக்கிறது என்று. ஒரு அடி முன்னே வைத்தான். 'நிஜந்தானா?' என்று பின்னே இழுத்தான். நிஜந்தான் என்று மறுபடி வைத்தான்.

பொழுது சாயுமுன் சிறியவர்கள் எல்லாரும் பாறையடியில் கூடியிருந்தார்கள். ஆட்டமே வேண்டாம், பன்றியிடம் போய்க் காலில் விழுந்து, சேற்றிலாவது ஒரு மூலை கேட்போம் என்றான் முயல். தேரை தலை குனிந்து நின்றாள். அவள் 'சரி' என்று சொல்ல வாயெடுத்த நேரம், ஓந்தி அதே பாறை உச்சியில் ஏறினான். இந்தமுறை மெள்ள, ஆடி ஆடி.

"காலையில நான் சொன்னது தப்பு. பச்சைதான் இந்தக் கட்டுல ராஜா. ஆட்டத்தை விட்டுடாதீங்க" என்றான்.

"காலையில குப்பை, சாயங்காலம் ராஜாவா?" என்றான் அணில். "வெயில்ல கிடந்து மூளை உருகிடுச்சு."

"கண்ணைப் பாருங்க, ஆளுக்கொரு பக்கம் போகுது!" என்றான் முயல்.

"பேச்சு மாத்திப் பேசற பய!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கல் ஒன்று வந்து அவன் முதுகில் பட்டது. தூரத்தில் படுத்திருந்த பன்றி சிரித்த சிரிப்பில் புதர் குலுங்கியது.

ஓந்தி இறங்கவில்லை. "ஆமாம், மாத்திப் பேசறேன். தப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னா அக்காவோட முட்டை போயிடும்" என்றான்.

தேரை நிமிர்ந்தாள். மேலே ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "காதுல சொல்லு" என்றாள். இந்தமுறை அவன் காதில் சொன்னான்.

மறுநாள் விடிந்ததும் ஆட்டம். பன்றி முதல் சிவப்பை இறக்கினான், பாறையே ஒளிர்ந்தது. தேரை அருகை வைத்தாள். வெட்டுப்பட்டுக் கவிழ்ந்தது. அடுத்தது கோரை, அதுவும் கவிழ்ந்தது. மூன்றாவது மஞ்சள். அது வெட்டுப்பட்டுப் பாறையை விட்டே போயிற்று. நாலாவது சுற்று தொடங்கியதும் பன்றியின் முதல் தீ கருகி உதிர்ந்தது. அவன் அதைச் சட்டை செய்யவில்லை. "எதிர்ல ஒண்ணுகூட நிக்காத இடத்துல எனக்கு ஒண்ணு நின்னாப் போதாதா?" என்றான்.

நாலாவது பிரண்டை, ஐந்தாவது கீழாநெல்லி. தேரையின் பக்கம் ஒரே படுக்கை. "தூறலை இறக்கு அக்கா, மானம் போகுது!" என்று அணில் கத்தினான். நேற்றுச் சாயங்காலம் கேலி பண்ணின அதே அணில்தான். தேரையின் கை தூறல்மேல் போய் நின்றது. தரம் பார்த்தவன் ஆட்டத்தின்போது பேசக் கூடாது என்பது சட்டம். ஓந்தி கிளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணால் அவள் கையையும் மறு கண்ணால் மூங்கிலையும் பார்த்தபடி மூச்சை அடக்கிக் கிடந்தான்.

தேரை கையை எடுத்தாள். மூங்கிலை வைத்தாள். நெடுநெடுவென்று நின்ற மூங்கிலும் சாய்ந்தது.

ஏழாவது சுற்று. பன்றி கடைசித் தீயை அறைந்து வைத்தான். தேரை சேம்பிலையைப் பாறைமேல் மெதுவாக, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல வைத்தாள். புள்ளி இல்லாத இலை, ஒரு நொடிகூட நிற்கவில்லை. ஆனால் விழுமுன் அதிலிருந்து ஒரு துளி உருண்டு பாறைமேல் ஓடியது.

முதலில் அருகு எழுந்தது. பிறகு கோரை, பிரண்டை, கீழாநெல்லி. கடைசியில் மூங்கில், சோம்பல் முறிப்பது போல.

பன்றியின் பக்கம் கருகாமல் மிஞ்சிய தீ மூன்று. தேரையின் பக்கம் நிமிர்ந்து நின்ற பச்சை ஐந்து. பன்றி இரண்டு தடவை பார்த்தான். "குப்பைன்னு நீதானே சொன்னே!" என்று ஓந்தியைப் பார்த்து உறுமினான்.

"சொன்னேன். நீங்க என்னை நம்பினதுக்கு நன்றி அண்ணே" என்றான் ஓந்தி. கூட்டம் சிரித்த சிரிப்பில் பன்றிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாக்குக்குக் கட்டுப்பட்டவன், அதையும் சொல்ல வேண்டும். அந்தக் கோடை முழுக்க அவன் கூட்டம் சுனையில் இறங்கவில்லை. வழிந்தோடும் தண்ணீரில்தான் குடித்தது.

முட்டை பொரிந்து, சுனையெல்லாம் புள்ளி வைத்தாற்போல வால்குஞ்சுகள் துள்ளின. தேரை ஓந்தியைத் தேடி வந்தாள். "என்ன வேணும், கேளு தம்பி" என்றாள்.

ஓந்தி அந்த அருகஞ்சீட்டைக் கேட்டான். கொடுத்ததும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணீர் விட்டான். "நான் குப்பைன்னு தள்ளினேன். நம்ம பிள்ளைங்களுக்காக இது வெட்டுப்பட்டுப் படுத்துக் கிடந்துச்சு. என்மேல கொஞ்சம்கூடக் கோபமில்லாம எழுந்து நின்னுச்சு. இதுக்கு நான் எதைச் செய்யறது?" என்றான். சாறு அவன் உடம்பில் இறங்கியது. சுள்ளி நிறம் போய், தலையிலிருந்து வால்வரை பச்சை படர்ந்தது. அவன் அதைக் கழுவிக்கொள்ளவே இல்லை.

பேச்சு மாற்றுகிறவனைப் பார்த்தால் பச்சோந்தி என்று திட்டுகிறோம். அவன் மாற்றிய பேச்சு என்ன பேச்சு என்று நமக்குத் தெரியாது, பாவம். வழியில் அவனைப் பார்த்தால் கல்லெறியாமல் நின்று பாருங்கள். தன் பழைய தப்பு நினைவுக்கு வந்தால் கறுத்துப் போவான். மறுகணமே நன்றி நினைவுக்கு வந்துவிடும், பச்சையாகிவிடுவான். அந்தக் கோடையிலிருந்துதான் பச்சோந்தி ஒவ்வொரு அடியையும் வைத்து, இழுத்து, மறுபடி வைக்கிறது. ஒரு கண்ணால் ஓர் இலையையும் மறு கண்ணால் அதன் பக்கத்து இலையையும் பார்க்கிறது.