பட்டத்து யானைக்குப் பசி எடுத்த கதை

முன்னொரு காலத்திலே, தீர்ப்பு சொன்னால் அதை உடனே கல்லில் வெட்டி அரண்மனை வாசலில் நட்டுவிடும் ராஜா ஒருவர் இருந்தார். நட்ட கல்லில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற விடமாட்டார். அவர் சபையில் விகடம் பேசிப் பிழைத்தவன் சாத்தப்பன். ராஜா அவனோடு சிரிப்பதைப் பார்த்து வயிறெரிந்தவர் யானைப்படை அதிகாரி கரிவரதர்.

ஒருநாள் செங்கமலம் என்ற பெண் கைக்குழந்தையோடு சபைக்கு வந்தாள். கரிவரதரின் மனைவிதான். இருவருக்கும் ஒத்துவராமல் பிரிந்துவிட்டார்கள்.

"மகாராஜா, பிரிஞ்சது நாங்க ரெண்டு பேரும். இந்தப் பிள்ளை யாரையும் பிரியலையே! இதுக்கு நெல்லும் பாலும் அனுப்பச் சொல்லுங்க" என்றாள்.

"குழந்தை அவள் வீட்டில்தானே இருக்கிறது, அரசே? என் வீட்டில் இருந்தால் நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா?" என்றார் கரிவரதர், நல்லபிள்ளை போல.

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. "எந்த உயிரானாலும் அது யார் வீட்டில் இருக்கிறதோ, அவரே தீனி போடவேண்டும். வெட்டுங்கள் கல்லில்!" என்றார்.

சாத்தப்பன் லேசாக இருமினான். அவ்வளவுதான், கரிவரதர் பிடித்துக்கொண்டார்.

"அரசே, தங்கள் தீர்ப்பு சாத்தப்பனுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது."

ராஜாவின் முகம் சிவந்தது. "அப்படியா? கல்லில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது. இந்தப் பெண்ணின் குறையும் தீரவேண்டும். முடியாவிட்டால் நீ என் சபைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதே!"

"ஆகட்டும் அரசே" என்று கும்பிட்டான் சாத்தப்பன். வெளியே வந்ததும் செங்கமலத்தைப் பார்த்தான். குழந்தைக்கு அவள் புகட்டிய கஞ்சியில் தண்ணீர்தான் அதிகம் இருந்தது. அவனுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. "நாளைக்கும் சபைக்கு வா தாயே. பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வா" என்றான்.

பட்டத்து யானை கட்டியிருந்தது கரிவரதர் வீட்டுத் தோட்டத்தில். அதற்குத் தினமும் அரண்மனையிலிருந்து தீனி வண்டி போகும். மறுநாள் விடிந்ததும் சாத்தப்பன் வண்டியை மறித்து, வாசலில் இருந்த கல்லை உரக்கப் படித்துக் காட்டினான்.

"ராஜா கட்டளை. வண்டியைத் திருப்பு."

"யானைக்குப் பசிச்சா என்னங்க செய்யும்?" என்றான் வண்டிக்காரன்.

"வீட்டுக்காரரைக் கேட்கும்."

யானையும் கேட்டது. முதலில் வாழைத்தோட்டத்தைக் கேட்டது. பிறகு கரும்பைக் கேட்டது. அதுவும் போதாமல் மாட்டுக்கொட்டகைக் கூரையை இழுத்து மெல்லத் தொடங்கியபோது, கரிவரதர் தலைப்பாகைகூட இல்லாமல் சபைக்கு ஓடிவந்தார்.

"அரசே! யானை தங்களுடையது! என் வீட்டில் நிற்கிறது என்பதற்காக நானா தீனி போடுவது? அது யாருடையதோ, அவரல்லவா அனுப்பவேண்டும்!"

"ஐயா, இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். அதோ கடைசியில் பிள்ளையோடு நிற்கிறாளே, அவளுக்கும் கேட்கட்டும்" என்றான் சாத்தப்பன்.

கரிவரதர் திரும்பிப் பார்த்தார். குழந்தை அவரைக் கண்டதும் கையை நீட்டிச் சிரித்தது.

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஆனால் சாத்தப்பா, கல்லை மாற்ற முடியாதே!"

"மாற்றவேண்டாம் அரசே. கீழே இடம் நிறையக் கிடக்கிறது. 'அந்தத் தீனியை அனுப்பவேண்டியவர், அந்த உயிருக்கு உரியவர்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்."

"ஆக்கிப் போடறது என் பொறுப்பு. ஆனா அனுப்பறேன்னு இவர் முன்னாடியும் சொல்லியிருக்கார், மகாராஜா" என்றாள் செங்கமலம்.

"அவர் அனுப்பவே வேண்டாம். அவருடைய சம்பள நெல் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்துதானே போகிறது? பிள்ளையின் பங்கை முதலில் அளந்து யானைமேல் ஏற்றி இவள் வீட்டில் இறக்கட்டும். பாலுக்கான நெல்லும் அதிலேயே சேரட்டும். மிச்சம் அவர் வீட்டுக்குப் போகட்டும்" என்றான் சாத்தப்பன்.

"அப்படியே ஆகட்டும்! உனக்கு என்ன பரிசு வேண்டும்? அந்த யானையையே தரட்டுமா?"

சாத்தப்பன் பதறிப் பின்னால் நகர்ந்தான். "வேண்டாம் அரசே! அது எனக்கு உரியதாகிவிட்டால் கல் என்னைப் பிடித்துக்கொள்ளும்!"

சபையே சிரித்தது. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

அன்றுமுதல் மாதம் பிறந்தால் செங்கமலத்தின் வாசலில் யானை வந்து நிற்கும். யானையோடு கரிவரதரும் வந்துதானே ஆகவேண்டும்? குழந்தை நடக்கப் பழகியதும் வாழைப்பழத்தோடு ஓடிவரும். யானைக்கு ஒன்று கொடுக்கும். பிறகு கொஞ்சம் யோசித்து, அப்பாவுக்கும் ஒன்று கொடுக்கும்.