சுருதி சேராத கூவல்

வறண்ட புல்காடு ஒன்றில் பதினொரு கௌதாரிகள் கூட்டமாக வாழ்ந்தன. ஒரு கோடை மதியம் புல்லில் தீப்பிடித்தது. புகை சூழ்ந்து, பக்கத்தில் நிற்பதுகூடத் தெரியவில்லை. தலைவி செங்கால் வழி தேடிப் புறப்பட்டது. எந்தப் பக்கம் தப்ப முடியுமோ அங்கிருந்து கூவுவதாகச் சொல்லிவிட்டுப் போனது.

இதை ஒரு காட்டுப்பூனை கேட்டுவிட்டது. பக்கத்திலிருந்த கல்மேட்டுக்கு ஓடிப்போய்ப் பாறை இடுக்கில் பதுங்கியது. பாறையை ஒட்டிய மரத்தில் ஒரு கரிச்சான் கூடு கட்டியிருந்தது. எந்தப் பறவையின் குரலும் அதற்கு வரும். கௌதாரிகளை இங்கே கூப்பிடாவிட்டால் உன் குஞ்சுகளைத் தின்றுவிடுவேன் என்று பூனை அதை மிரட்டியது. கரிச்சான் நடுங்கிக்கொண்டே செங்காலின் குரலில் கூவியது.

கௌதாரிகள் கல்மேட்டுப் பக்கம் திரும்பின. தும்பை என்ற கௌதாரி மட்டும் நகரவில்லை. தினமும் விடியலில் செங்காலோடு சேர்ந்து கூவுவது அதுதான். இரண்டு குரலும் ஒரே குரலாகக் கரைந்துவிடும். இப்போதும் அந்தக் கூவலோடு தன் குரலைச் சேர்த்துப் பார்த்தது. கரையவில்லை. இரண்டுக்கும் நடுவே ஏதோ படபடவென்று அதிர்ந்தது.

"போகாதீர்கள். இது செங்கால் இல்லை. சுருதி மயிரிழை அளவு ஏறிக் கேட்கிறது."

வரியன் என்ற ஆண் கௌதாரிக்கு எரிச்சல் வந்தது. "முதுகு பொசுங்குகிறது. இப்போதா சுருதி பார்ப்பாய்?" என்று சொல்லிவிட்டுப் புகைக்குள் ஓடியது.

சிறிது நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரே ஒரு அலறல். அதுவும் பாதியில் நின்றது.

மற்றவை தும்பையை ஒட்டி நின்றன. தீ நெருங்கியது. பொறி பறந்து வந்து இறகில் விழுந்தது. ஓடிவிடலாமா என்று ஒன்று அழுதது. தான் கேட்டது தவறாக இருந்தால் எல்லாமே இங்கேயே வெந்துபோகும் என்று தும்பைக்குத் தெரியும்.

அப்போது ஓடைப் பக்கத்திலிருந்து இன்னொரு கூவல் வந்தது. தும்பை வறண்ட தொண்டையைத் திறந்து கூடவே கூவியது. அதிர்வே இல்லை. இரண்டும் ஒன்றாகிவிட்டன.

"இதுதான். ஓடுங்கள்."

எரியும் புல்லுக்கு நடுவே ஓடி, ஈர மணலில் போய் விழுந்தன. செங்கால் ஒவ்வொன்றாக அலகால் தொட்டுப் பார்த்தது. தன்னையும் சேர்த்துப் பத்துதான் இருந்தன. வரியன் எங்கே என்று கேட்டது. தும்பை கல்மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

சிறு பிசகு காதில் பட்டால், எவ்வளவு அவசரமானாலும் ஒருமுறை நின்று சோதித்துப் பார்க்க வேண்டும்.