பலாமரத்துக்கு வாக்குக் கொடுத்த பிரதானி

முன்னொரு காலத்தில் என்றால் எந்தக் காலம் என்று கேட்பீர்கள். ஒரு ராஜா அடுத்தவன் நாட்டைக் காட்டி ‘இது என் நாடு’ என்று சொன்ன காலம். எல்லாக் காலமும் அதுதானே என்கிறீர்களா? சரி, அதில் ஒரு காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ராஜாவுக்கு ஒரு பைத்தியம். எந்த நாட்டைப் பிடித்தாலும் அங்கிருந்து எதையாவது பெயர்த்து வந்து அரண்மனையில் வைத்துக்கொள்வார். ஒரு நாட்டிலிருந்து கோயில் மணி வந்தது. இன்னொரு நாட்டிலிருந்து கல்தூண் வந்தது. மேற்கே மலைநாட்டைப் பிடித்தபோது அங்கே மணியும் இல்லை, தூணும் இல்லை, வெறும் பலாமரம்தான் இருந்தது. மனுஷன் விடுவாரா? ஓர் இளமரத்தை வேர்மண்ணோடு தோண்டி, பன்னிரண்டு மாடு பூட்டி இழுத்து வரச் செய்தார். வேரோடு பிடுங்கிய மரம் பிழைக்குமா என்று கேட்காதீர்கள். பிழைத்தது. அதே வண்டியில், படைத்தலைவனையே சிரிக்க வைத்த ஒரு மலைக்காரனையும் ஏற்றி வந்தார்கள். அவன் பெயர் சடையாண்டி.

சடையாண்டி பட்டணத்துப் பேச்சைக் கற்றுக்கொண்டு சபையில் விகடம் பண்ணினான். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சபை கலைந்ததும் அவனைச் சீந்த ஆள் கிடையாது. அவனுடைய மலைப் பேச்சு அந்தப் பட்டணத்தில் ஒருவருக்கும் தெரியாது. பசிக்கிறது என்பதைக்கூடச் சொந்தப் பேச்சில் சொல்ல முடியாத தனிமை இருக்கிறதே, அது பொல்லாதது ஐயா. அதனால் சாயங்காலமானால் பலாமரத்தடியில் போய் உட்காருவான். ஓடைக்கு மலையில் என்ன பெயர் சொல்வார்கள், தேனடைக்கு என்ன பெயர் என்று ஒவ்வொன்றாக மரத்திடம் சொல்லுவான். மரம் பதில் பேசாது. ஆனால் ‘என்ன சொன்னாய், புரியவில்லை’ என்றும் கேட்காது.

இந்தச் சடையாண்டியைக் கண்டால் பிரதானி வல்லபராயருக்கு ஆகாது. முன்பெல்லாம் ராஜா எதற்கும் அவரைத்தான் கூப்பிடுவார். இப்போது விகடக்காரனைக் கூப்பிடுகிறார். பொறுக்குமா?

ஒருநாள் சபையில் அவர் எழுந்தார்.

“மகாராஜா, தங்கள் வெற்றியின் சின்னமாக நிற்கும் பலாமரம் ஏழு வருடமாக ஒரு பிஞ்சுகூட விடவில்லை. தங்களைப் பகைப்பதுபோல் அல்லவா இருக்கிறது? சடையாண்டி தினமும் அதனோடு பேசுகிறான். அவனே சொல்லி, பங்குனி முடிவதற்குள் காய்க்க வைக்கட்டும். காய்க்காவிட்டால் மரத்தை விறகாக்குவோம். அதற்குத் துர்ப்போதனை செய்த நாக்கையும் அறுத்துவிடுவோம்.”

“நியாயமாகத்தான் படுகிறது. காய்க்க வை, சடையாண்டி” என்றார் ராஜா.

மரம் போய்விட்டால் நாக்கு இருந்து என்ன பிரயோசனம் என்று சடையாண்டி நினைத்தான். ஆனாலும் சிரித்த முகமாகவே சொன்னான்.

“எங்க மலையில ஒரு வழக்கம் உண்டு, ராஜா. காய்க்காத மரத்துக்கிட்ட அதோட சொந்தக்காரரு கோடாலியோட போயி, ‘காய்க்கிறியா, வெட்டட்டுமா’ன்னு அதட்டுவாரு. மரத்துக்குப் பின்னால ஒருத்தரு ஒளிஞ்சு நின்னு, மரத்துக்காக ‘காய்க்கிறேன், வெட்டாதீங்க’ன்னு வாக்குக் கொடுப்பாரு.”

“அப்படியானால் நீ பின்னால் நின்று சொல்.”

“நான் சொன்னா செல்லாது, ராஜா. நானும் மரமும் ஒரே வண்டியில வந்தவங்க. இந்த அரண்மனையில யாரு வார்த்தை செல்லுமோ அந்தப் பெரியவரு சொல்லணும்.”

சடையாண்டி யார் முகத்தையும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. “என் வார்த்தை செல்லாமல் வேறு யார் வார்த்தை செல்லும்?” என்று வல்லபராயர் பட்டு அங்கவஸ்திரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போய்க் குந்தினார். ராஜா கோடாலியை ஓங்கி அதட்டினார். “காய்க்கிறேன் மகாராஜா, காய்க்கிறேன்” என்றது பிரதானியின் குரல்.

சடையாண்டி கும்பிட்டான். “வாக்கு விழுந்திருச்சு. இனிமே காய்க்கலேன்னா மரத்தைக் கேக்கமாட்டோம். வாக்குக் கொடுத்தவரைத்தான் கேப்போம். அதே கோடாலிதான்.”

அப்படியும் ஒரு வழக்கம் உண்டா? முதல் பாதி உண்டு. மறு பாதியை அவன் அங்கே நின்றபடியே உண்டாக்கினான். பொய் என்று சொல்ல அந்தப் பட்டணத்தில் இன்னொரு மலைக்காரன் இல்லையே.

ராஜா கையிலிருந்த கோடாலியைப் பார்த்தார். பிறகு பிரதானியின் கழுத்தைப் பார்த்தார். “வல்லபராயரே, வாக்கு வாக்குதான்” என்றார்.

அன்றிலிருந்து பிரதானி பட்ட பாடு நாய் படாது. தானே குடம் சுமந்து தண்ணீர் ஊற்றினார், தானே சாணி கரைத்து விட்டார். மாசியும் போனது. பிஞ்சு இல்லை. கடைசியில் சாணிக் கையோடு சடையாண்டியிடம் வந்து நின்றார்.

“இந்த மரம் என்னதான்யா கேக்குது?”

“ஊருக்குப் போகணும்னு கேக்குது, சாமி. ஏழு வருசமா அது ஒண்ணைத்தான் கேக்குது.”

பிரதானி ஓடிப்போய் ராஜாவின் காலில் விழுந்தார். “மகாராஜா, மரத்தை மலைக்கே அனுப்பிவிடுங்கள். அங்கே காய்த்தாலும் தங்கள் நாடுதானே, தங்கள் பழம்தானே.”

ராஜா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மரத்தை அனுப்ப உத்தரவு போட்டு, பிரதானியின் வாக்கையும் மன்னித்தார். பிறகு, “சடையாண்டி, இப்படி நான் சிரித்ததே இல்லை. என்ன வேண்டுமோ கேள்” என்றார்.

“மரத்தோட நானும் போயிடுறேன், ராஜா.”

“நீ போனால் என்னை யார் சிரிக்க வைப்பது? வேறு கேள்.”

சடையாண்டி மரம் நிற்கும் பக்கம் திரும்பிப் பார்த்தான். ராஜாவுக்கு மனம் இளகியது. அவர் கெட்டவர் இல்லை, அவருக்குத் தெரிந்த தயவு அவ்வளவுதான். “மரம் போனால் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை, அதுதானே உன் கவலை? உன் மலையிலிருந்து ஒருவரைக் கொண்டுவரச் சொல்கிறேன். யார் வேண்டும், பெயரைச் சொல்.”

தங்கை பேச்சியின் பெயர் அவன் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் எதிரே உட்கார்ந்து மலைப் பேச்சில் வாய் ஓயாமல் பேசுவது கண்ணில் தெரிந்தது. அவளைக் கட்டி ஏற்றிய வண்டியும் தெரிந்தது. ஏழு வருடத்தில் அவன் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. பெயரை விழுங்கிவிட்டான்.

“வேணாம் ராஜா. மலைக்காரங்க ரெண்டு பேரு சேர்ந்தா விடிய விடியப் பேசுவாங்க. உங்களுக்குத் தூக்கம் போயிரும்.”

ராஜா விழுந்து விழுந்து சிரித்துத் தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். சபை சிரித்தது. பிரதானியும் சிரித்தார்.

மறுநாள் காலையில் வண்டி கிளம்பியது. கோட்டை வாசல் வரைதான் சடையாண்டி போகலாம். அதுவரை மரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டே நடந்தான். வாசலில் கையை எடுத்தான். யாரை வழியனுப்பினாலும் ‘போய் வா’ என்பதுதான் மலையிலும் வழக்கம். சடையாண்டி ‘போ’ என்று மட்டும் சொன்னான்.