மலையேறாத காரும் சந்தனப் பொட்டும்

சமதரையில் ஓடும், மேடேறினால் இளைக்கும், சற்று நின்றால் மறுபடி கிளம்பும். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம். தாத்தா என்று சொல்லாதீர்கள். அரிசி ஆலை முதலாளி தீர்த்தகிரியின் பழைய கார் அது.

முதலாளியும் அவருடைய எட்டு வயது மகள் கோதையும் ஏற்காட்டுக்குப் போனபோது, பாதி மலையில் கார் மூன்றாம் முறையாக நின்றது. டிரைவர் மாதையன் இறங்கினான்.

"உனக்கு ஓட்டத் தெரியலைடா. பானெட்டைத் திறக்காம, ஸ்பானரைத் தொடாம வண்டியை உச்சிக்குக் கொண்டுபோ. முடியலைன்னா வேலையை விட்டுட்டு பஸ் ஏறு" என்றார் முதலாளி.

"ஆகட்டும் முதலாளி. ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சந்தனம் வச்சது யாரு? பொட்டு ஒவ்வொண்ணும் அப்படி ஒரு அழகு."

முதலாளி நிமிர்ந்தார். "நானேதான். பெட்ரோல் டாங்க் மூடியைக்கூட விடலை. கெட்டியாக் குழைச்சு அப்பினேன்."

மாதையன் அந்த மூடியைத் திருகினான். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது.

"பெட்ரோல் குறையக் குறைய, இந்த மூடியில இருக்கிற சின்னத் துளை வழியாக் காத்து உள்ளே போகணும் முதலாளி. துளையைச் சந்தனம் அடைச்சிருச்சு. மேட்டுல இன்ஜின் நிறையக் கேட்குது, பெட்ரோல் வர மாட்டேங்குது."

கோதையிடம் ஓர் ஊக்கு வாங்கித் துளையைக் குத்தினான். "ஊக்கு ஸ்பானர் ஆகாதே, முதலாளி?"

கார் எங்கும் நிற்காமல் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. முதலாளி சாவியை உருவிக்கொண்டார்.

"ஏதோ குருட்டாம்போக்குல சரியாச்சு. இவன் எதுக்கு இனிமே? கோதை, இறங்கும்போது அப்பா ஓட்டட்டுமா, இவன் ஓட்டட்டுமா?"

கோதை சாவியை வாங்கி மாதையனிடம் கொடுத்தாள்.